காட்டலும் உடன்காண்டலும்
நடுநாட்டில் எழுத்தறிவித்த வரலாறு பற்றிய ஓர் ஆராய்ச்சி

திருச்சிற்றம்பலம்

உயிர்கள் அறிவுடைப் பொருள்களேயாயினும், அறிவித்தாலன்றித் தாமே அறியமாட்டா என்பது சித்தாந்த சைவத்தின் துணிபு. இதனை விளக்கப் புகுந்த ஆசிரியன்மார் கண்ணின் இயல்பினை எடுத்துக்காட்டுவர். கண்ணுக்கு ஒளியுண்டு, எதிரே பொருளும் உண்டு, ஆயினும் ஞாயிறு விளங்காவழிக் கண் காணாது. ஞாயிறு விளங்கியவழியும் உயிர் உடன்நின்று காணாவழிக் கண் காணாது. ஆகலின் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என உபகாரம் இருவகைப்படும் என்றும், இவ்விரண்டும் முதல்வனாலேயே நிகழும் என்றும் சிவஞானபோதப் பதினோராஞ் சூத்திரத்திற்கு உரைகண்ட பெரியோர் விரித்துரைப்பர்.

இவ்வுண்மைக்கு எளிதிற் கிடைக்கும் உலகியற் சான்று ஒன்று நாள்தோறும் நம் கண்முன் நிகழ்கின்றது. ஒரு குழவி எழுத்தறிந்து படிக்கத் தொடங்குதலே அது. ஏட்டில் எழுத்து உளது, குழவிக்குக் கண் உளது, விளக்கும் உளது. ஆயினும் ஆசிரியன் ஒருவன் காட்டினாலன்றி அவ்வெழுத்து வெறுங்கோடேயாம். அவன் காட்டிய பின்னரும், அக்குழவி காண்கின்றதா என்று உடனிருந்து காணானாயின் கல்வி நிகழ்வதில்லை. எழுத்தறிவித்தலின் வரலாறு முழுவதும் இவ்விரண்டனுள் ஒன்று ஓங்கி ஒன்று குன்றிய வரலாறே என்பது எமது கருத்து. அதனை எமது நடுநாட்டு நிகழ்ச்சிகளைக்கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சியில் எம்மைப் புகுத்தியது நூலன்று, எமது பிழை. திண்டிவனத்தைச் சார்ந்த சிற்றூரொன்றின் திருக்கோயிலில் யாம் ஈராண்டு திருமுறை வகுப்பு நடத்தினோம். ஒன்பது வயதுடைய சிறுமி ஒருத்தி கையிற் புத்தகத்தை விரித்துவைத்துப் பதிகமொன்றனை ஓரெழுத்தும் பிழையாது ஓதுவாள். கேட்டார் மகிழ்ந்தனர், யாமும் உள்ளூரச் செருக்கினோம். ஒருநாள் காற்றினால் ஏடு புரண்டு வேறொரு பதிகம் வந்தது. அவளோ முன்னைப் பதிகத்தையே தடையின்றி ஓதிச் சென்றாள். அருகிற் சென்று ஒரு சொல்லைச் சுட்டி, “அம்மா, இஃது என்ன?” என்று வினவினோம். அவள் வாய் திறந்திலள், கண் கலங்கினாள். ஈராண்டுகளாக அவள் செவி கற்றது, கண் கற்றிலது. காட்டினோமென்று எண்ணியிருந்த யாம் உடன்கண்டிலேம். இக்குறை அச்சிறுமியுடையதன்று, எம்முடையதே.

1. வெண்ணெய்நல்லூர் ஆவணமும் எண்ணாயிரத்துக் கல்வெட்டும்

விழுப்புர மாவட்டத்தின்கண் உள்ளது திருவெண்ணெய்நல்லூர். மெய்கண்ட தேவநாயனார் பன்னிரு சூத்திரத்தான் நாற்பது அடிகளில் சித்தாந்தம் முழுவதும் அடக்கியருளிய பதி அது. அதற்கு முன்னரே, எழுத்தின் ஆற்றலை உலகறியச் செய்த வழக்கொன்று நிகழ்ந்த அவையும் அப்பதியினதே. மணப்பந்தரில் வந்த முதிய வேதியர் காட்டிய ஓலையை நம்பியாரூரர் கிழித்தார். கிழித்தது படியோலை என்றும், மூலவோலை வேறுண்டு என்றும் கூறி வேதியர் அவையின் முன் அதனை நீட்டினார். கரணத்தான் அதனைப் படித்தான். மேலெழுத்திட்டார் எழுத்துக்கள் ஒத்திருந்தன. பாட்டனார் கையெழுத்தினைக் காப்பிலிருந்த வேறோர் ஓலையின் எழுத்தோடு ஒப்புநோக்கினர். அதன் பின்னரே அவையத்தார் தீர்ப்புக் கூறினர்.

சேக்கிழார் சுவாமிகள் இதனைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பாடியருளினார். ஆவணத்தைக் காத்துவைத்தல், படித்துக் காட்டுதல், கையெழுத்தை ஒப்புநோக்குதல் ஆகிய எல்லாம் அக்காலத்து ஊரவைகளில் வழங்கினமை இதனால் இனிது விளங்கும். ஆண்டவன் அடியவரைத் தடுத்தாட்கொள்ளுதற்குத் தேர்ந்துகொண்ட கருவி ஓர் ஓலை என்பதனையும், அவ்வோலையினைப் படிக்க வல்லார் அவையில் இருந்தனர் என்பதனையும் நாம் ஒருங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, விக்கிரவாண்டிப் பக்கத்து எண்ணாயிரம் என்னும் ஊரில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உளது. அங்கு நடைபெற்ற கல்லூரியில் மாணாக்கர் 340 பேர், அவருள் இளநிலையினர் 270, மேனிலையினர் 70, ஆசிரியர் 14. அவரவர்க்கு நாள்தோறும் அளக்கவேண்டிய நெல்லும் அதன்கண் வரையறுக்கப்பட்டது. ஆயின் அங்குப் பேசப்படுவன வேதமும் வியாகரணமும் மீமாஞ்சையும் வேதாந்தமும் ஆகிய மேற்கல்வியே. அம்மாணாக்கர்க்கு முதன்முதல் நெடுங்கணக்குக் காட்டியவர் யாவர் என்பதனை அக்கல்வெட்டுக் கூறுவதின்று. மேற்கல்விக்கு நிவந்தம் வைத்தலும் முதற்கல்வியை ஊராரின் நாழி நெல்லுக்கு விட்டுவிடுதலும் நெடுங்காலம் நம் நாட்டில் வழங்கிய முறைகளே. முடியினைக் கல்லிற் கட்டி அடியினை மண்ணில் விட்டதனோடு இஃது ஒக்கும்.

2. ஓலை படித்தல் எத்தன்மைத்து

இக்காலத்து அச்சுப் புத்தகம் படிப்பார்க்கு ஓலை படித்தலின் அருமை விளங்காது. மெய்யெழுத்தும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியத்தும் நன்னூலினும் கண்ட விதி. ஏட்டிலோ எழுத்தாணியாற் புள்ளி குத்தின் ஓலை கிழியும் என்று அஞ்சி அதனை எழுதாது விடுத்தலே பெருவழக்கு. அதனாற் ‘கல்’ என்பதும் ‘கல’ என்பதும் ஒரு வடிவின. ‘கெடு’ என்பதும் ‘கேடு’ என்பதும் ஒரு வடிவின. ‘பொது’, ‘போது’ என்பனவும் அவ்வாறே. காலும் ரகரமும் தம்முள் வேற்றுமையின்றி நிற்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. நிறுத்தக் குறிகளும் இல்லை. செய்யுளாயினும் அடி பிரித்தெழுதும் வழக்கமில்லை.

ஆகவே ஓலை படிப்பவன் எழுத்தைக் கண்டு சொல்லை அறிதலேயன்றிச் சொல்லையும் பொருளையும் கொண்டு எழுத்தைத் துணிதலும் வேண்டியிருந்தது. யாப்பு அறியாதான் ஓலையிற் செய்யுள் படித்தல் இயலாது; வழக்கறியாதான் ஆவணம் படித்தலும் இயலாது. முன்னோர் பிள்ளைகளை முதலில் மனப்பாடம் பண்ணுவித்தமைக்கு இதுவே உண்மையான காரணம். நெஞ்சில் முன்னரே நிறைந்திருந்த பாட்டு, ஏட்டிலுள்ள ஐய எழுத்துக்களைத் தெளிவிக்கும் விளக்காயிற்று. மனப்பாடம் ஓலை படித்தற்கு உறுப்பாயிருந்தது. அதற்கு மாற்றாக நின்றதன்று. இவ்வேறுபாட்டை மறந்தமையே எம்மை மேற்கூறிய பிழையிற் செலுத்தியது என்க.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீரமாமுனிவர் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவால் வேறுபடுத்தினார். பின்னர் அச்சு பரவவே மெய்க்குப் புள்ளியிடுதல் உறுதிப்பட்டது. 1978-இல் தமிழ்நாட்டு அரசு ணா, றா, னா, லை முதலியவற்றின் வடிவுகளைச் சீர்ப்படுத்தியது. இவற்றாற் படித்தல் பேரளவிற்கு எளிதாயிற்று. எனினும், வடிவு எளிதான அளவிற்குப் பொருள்நோக்கும் பழக்கம் தளர்ந்தது என்பதனையும் மறைத்தல் இயலாது.

3. திண்ணைப்பள்ளி

விசயதசமி நாளில் பிள்ளையைப் பள்ளியில் வைப்பர். தட்டில் அரிசி பரப்பி, ஆசிரியர் பிள்ளையின் விரலைத் தம் கையாற் பற்றி முதலெழுத்தை எழுதுவிப்பர். பின்னர்த் திண்ணையிற் பரப்பிய மணலில் விரலால் எழுதுதல். வாயாற் சொல்லிக்கொண்டே கையால் எழுதுதல் முறை. கண்ணும் செவியும் நாவும் கையும் ஒருங்கே தொழிற்படுவன இம்மணலெழுத்தில். மணலிற் கை திருந்திய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் வரும். புதிய சுவடியில் மஞ்சளும் மையும் பூசி எழுத்து விளங்கச் செய்தலை மையாடல் என்பர்.

நெடுங்கணக்கு முடிந்தபின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், வெற்றிவேற்கை, மூதுரை முதலிய சிறு நூல்கள், எண்சுவடியில் முந்திரி முதலிய கீழ்வாய் இலக்கங்களும் நெல்லிலக்கமும் குழிமாற்றும், சதகங்கள், மேற்செல்வார்க்கு நிகண்டும் நன்னூலும் காரிகையும். விடியலில் முதலில் வந்த பிள்ளைக்கு வேத்தான் என்று பெயர், அவனுக்கு அடியில்லை. மாலையில் வீடு செல்லுமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரும் ஒரு பறவையின் பெயரும் சொல்லி அனுப்பி, மறுநாட் காலையில் அவற்றைச் சொல்லுமாறு செய்தலும் நினைவாற்றலை வளர்த்தற்கு ஒரு வழியாக வழங்கியது. மூத்த மாணாக்கருள் ஒருவன் சட்டாம்பிள்ளையாகி இளையோர்க்கு முறை சொல்லிக் கொடுப்பான். மானம்பூத் திருநாளில் பிள்ளைகள் கோலாட்டத்தோடு வீடுதோறும் பாடிச் சென்று ஆசிரியர்க்குப் பொருள் தேடிக்கொடுப்பர். அவர்க்கு ஆண்டு முழுவதற்கும் ஓரளவு கையிற் பொருள் வருவது அந்நாளிலேதான்.

இம்முறையின் குறைகளும் கூறற்பாலன. எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு ஆதலின், ‘பானா, டானா, இம்’ என்று எழுத்துக்கூட்டும் பிள்ளைக்குப் ‘படம்’ என்னும் சொல் எளிதிற் புலனாவதின்று. பொருள் விளக்கம் மிகப் பிற்பட்டே வந்தது. கோதண்டம் போடுதல் முதலாய தண்டங்கள் கொடியன. இவை யாவற்றினும் பெருங்குறை, ஊரில் உழுது நெல் விளைத்த சேரிமக்களின் பிள்ளைகளைப் பெரும்பாலும் அத்திண்ணையில் ஏறவிடாமையே. நந்தனார் வரலாற்றைத் திண்ணையிலிருந்து கேட்டுக் கண்ணீர் சொரிந்த ஊர்கள், நந்தனார் மரபிற் பிறந்த பிள்ளைக்கு அதே திண்ணையில் இடமளித்தில. இஃது எம் முன்னோர் செய்தது என்பதற்காக இதனைச் சொல்லாது விடுதல் அறமாகாது.

4. மன்றோவின் கணக்கு

சென்னை மாகாணத்து ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மாவட்டந்தோறும் உள்ள பள்ளிகளையும் மாணாக்கரையும் கணக்கெடுக்குமாறு பணித்தார். 1826 மார்ச் 10-ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பிற் கண்ட தொகை இது: மாகாணத்து மக்கள் 1,28,50,941; பள்ளிகளும் கல்லூரிகளும் 12,498; மாணாக்கர் 1,88,650. அவருட் பெண்பாலார் 4,540 பேரே. ஏறக்குறைய ஆயிரம் மக்களுக்கு ஒரு பள்ளி இருந்தமை இதனால் அறியப்படும்.

இக்கணக்கில் எம்மவர் சிறப்பாக நோக்கற்பாலது தென்னார்க்காட்டுப் பகுதி. விழுப்புரமும் திண்டிவனமும் அக்காலத்து அம்மாவட்டத்தின் பாற்பட்டன. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-இல். தென்னார்க்காட்டு மாணாக்கருள் நூற்றுக்கு எண்பத்துநால்வர்க்கு மேற்பட்டோர், அக்கணக்கெழுதினோர் சூத்திரர் என்றும் ஏனைச் சாதியார் என்றும் குறித்த வகுப்பினர். தமிழ் வழங்கும் மாவட்டங்களுள் இத்தொகை மிக்கிருந்தது இங்கேயே என்பதனைத் தரம்பால் என்னும் ஆராய்ச்சியாளர் 1983-இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். கல்வி ஒரு வகுப்பார்க்கே உரித்தாயிருந்தது என்னும் பொதுக்கூற்றினை நடுநாட்டைப் பொறுத்தவரை இக்கணக்கு மறுக்கின்றது. ஆயின் ‘ஏனைச் சாதியார்’ என்னும் அத்தலைப்பினுள் சேரிப்பிள்ளைகள் எத்துணையர் அடங்கினர் என்பது அக்கணக்காற் புலப்படுவதின்று. பெண்மக்கள் தொகையோ எல்லார்க்கும் தலைகவிழத்தக்கது. பழம்பெருமை பேசுவார் முதற்றொகையை மாத்திரம் கூறி இரண்டாவதனைக் கூறாது விடுத்தலும், பழமையை இகழ்வார் இரண்டாவதனை மாத்திரம் கூறுதலும் நடுவுநிலைமையாகா.

பல்லாரி மாவட்டத் தண்டலர் காம்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கையும் இவ்விடத்து நினைவுகூரற்பாலது. குறைந்த செலவில் எழுதக் கற்பித்தலையும், மூத்தார் இளையார்க்குக் கற்பித்தலையும் அவர் பாராட்டினார். அதனோடமையாது, பிள்ளைகள் தாம் ஓதும் செய்யுளின் பொருளறியாது ஓதுகின்றனர் என்றும் வருந்தினார். இருநூறு ஆண்டு கடந்து எமது திருக்கோயில் வகுப்பில் யாம் கண்டதும் அதுவே.

5. கடல்கடந்த மணலெழுத்து

திண்ணைமுறை இங்கிலாந்து சென்ற வரலாறு இன்னும் வியக்கத்தக்கது. ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியொன்றை நடத்திவந்தார். ஒருநாள் உள்நாட்டுப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயிலுதலைக் கண்ட அவர், தம் விடுதியிலும் அவ்வாறு கற்பிக்கும்படி ஆசிரியர்களை ஏவினார். அவர்கள் உடன்படாமையின், ஜான் பிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக்கொண்டு இளைய பிள்ளைகட்கு மணலில் எழுத்துக் கற்பித்தார். அது நன்கு முற்றிற்று. 1797-இல் இலண்டனில் இதுபற்றி அவர் வெளியிட்ட நூலினாற் ‘சென்னை முறை’ என்னும் பெயர் ஐரோப்பாவெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தில் அவர் பொருளால் நிறுவப்பட்ட பள்ளி இன்றும் ‘மதராஸ் காலேஜ்’ என்றே வழங்குகின்றது.

ஆயின் ஆண்டுச் சென்றது சட்டாம்பிள்ளை முறை மாத்திரமே. நம் திண்ணையிற் சட்டாம்பிள்ளை முறை சொல்லிக்கொடுப்பினும், ஆசிரியர் அருகே அமர்ந்து ஒவ்வொரு பிள்ளையின் சுவடியையும் நாள்தோறும் நோக்குவர். பிள்ளைகள் சிலரே ஆதலின் அஃது இயல்வதாயிற்று. இங்கிலாந்திலோ நூற்றுக்கணக்கான சிறுவரை ஒரே கூடத்தில் வரிசையாக நிறுத்திச் சிறுவரைக்கொண்டே கற்பித்தனர். செலவு சுருங்கியது; உடன்காண்பார் இலராயினர். காட்டும் உபகாரத்தை எண்ணாற் பெருக்கிக் காணும் உபகாரத்தை இழந்த முறை அது. பின்னர் அந்நாட்டாரே அதன் குறையுணர்ந்து கைவிட்டனர்.

6. பாலபாடம்

நம் சைவவுலகில் எழுத்தறிவித்தலை ஒரு திருத்தொண்டாகக் கொண்டு முறைப்படுத்தியவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள். 1848-இல் வண்ணார்பண்ணையிலும் 1864-இற் சிதம்பரத்திலும் அவர் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவினார். சிதம்பரம் அன்று தென்னார்க்காட்டைச் சார்ந்தது ஆதலின் அத்தொண்டு எம் பகுதிக்கு அணித்தாகவே நிகழ்ந்தது. அவர் இயற்றிய பாலபாடங்கள் எழுத்து, சொல், சிறுதொடர், வசனம் எனப் படிப்படியாக ஏறிச் செல்வன. சந்தி பிரித்தும் நிறுத்தக் குறிகள் இட்டும் அச்சிட்டமையால், முன்னர் ஆசிரியன் நாவிலிருந்த உதவி ஏட்டிலேயே பதிந்தது. இளம்பிள்ளைகட்குச் செய்யுளையே முதலில் ஊட்டிவந்த வழக்கினை மாற்றி, பொருள் உடனே விளங்கும் உரைநடையை முன்வைத்தது பெரியதொரு திருப்பமாகும்.

அவ்வழியில் நடுநாட்டிலும் மடங்கள் தொண்டாற்றின. திண்டிவனத்தின் பாங்கர் மயிலத்தில் பொம்மபுர ஆதீனத்தார் 1938-இல் நிறுவிய தமிழ்க் கல்லூரி, ஊர்ப்புறத்து இளைஞர் பலர் புலமை பெறுதற்கு வாயிலாயிற்று. எண்ணாயிரம் போல இதுவும் மேற்கல்விக்கே உரியது எனினும், அங்குப் பயின்றோர் பலர் ஊர்ப்பள்ளிகளில் தமிழாசிரியராக அமர்ந்தமையின் முடியிலிருந்து அடிக்கும் நீர் பாய்ந்தது.

7. எழுத்தா, சொல்லா, பொருளா

மேனாட்டில் இருநூறாண்டுகளாக ஒரு வழக்கு நடந்துவருகின்றது. எழுத்தின் ஒலியை முதலிற் கற்பித்தல் வேண்டும் என்பர் ஒரு சாரார். முழுச்சொல்லை வடிவாற் காட்டிப் பொருளோடு பொருத்தல் வேண்டும் என்பர் மற்றொரு சாரார். அமெரிக்க நாட்டு ஹோரஸ் மான் என்பார் 1840-களில் தனியெழுத்துக்கள் பிள்ளைகட்கு உயிரற்ற வடிவங்கள் என்று கூறிப் பின்னைக் கொள்கையை வலியுறுத்தினார். 1955-இல் ருடால்ப் பிளெஷ் என்பார் முன்னைக் கொள்கையை நிலைநாட்ட நூல் எழுதினார். 2000-ஆம் ஆண்டில் அந்நாட்டு அறிஞர் குழுவொன்று, ஒலியை முறைப்படக் கற்பித்தல் இன்றியமையாதது என்றும், அதனோடு சொல்வளமும் பொருளுணர்வும் பயிற்றப்படல் வேண்டும் என்றும் முடிபு கூறியது.

ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் மாறுபடுதலின் இவ்வழக்கு நீண்டது. தமிழில் அத்துணை இடரில்லை. வல்லினம் இடம்நோக்கி ஒலி வேறுபடுமாயினும் அவ்வேறுபாடு விதிக்குட்பட்டது. நமக்குள்ள இடர் வேறு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துக்களையும் அடையாளம் காணுதற்கு இளம்பிள்ளைக்குக் காலம் பல வேண்டும். உகர ஊகாரக் குறிகள் மெய்தோறும் வேறுபடுதலும் உண்டு. இக்காலத்தைப் பொறுத்துக்கொள்ளாது அடுத்த பாடத்திற்கு ஓடும் ஆசிரியன் பிள்ளையை நடுவழியில் விட்டவனாவான்.

நம் இலக்கணம் எழுத்து, சொல், பொருள் என்று வகுத்த அடைவே இவ்வழக்கிற்கு விடையாகும். ஒன்றனை விட்டு ஒன்றில்லை. சித்தாந்தத்தில் வைகரி, மத்திமை, பைசந்தி, சூக்குமை என வாக்கு நான்கென்பர். ஓர் ஒப்புமை மாத்திரையாகக் கூறுமிடத்து, செவிக்குக் கேட்குமாறு எழுத்தெழுத்தாகப் படித்தல் வைகரியை ஒக்கும். நாவசையாது எழுத்துக்களை உள்ளத்தே அடைவுபடுத்திப் படித்தல் மத்திமையை ஒக்கும். எழுத்து வேறுபாடு தோன்றாது, மயின்முட்டையுள் வண்ணம்போலப் பொருள் முழுதும் ஒன்றாய் நிற்றல் பைசந்தியை ஒக்கும். வைகரியில் நின்றுவிட்ட பிள்ளை படித்தவனல்லன். வைகரியைக் கடவாது மேலேறவும் ஒருவராலும் இயலாது.

8. ஓர் ஆசங்கையும் விடையும்

அற்றாயின், திருமுறைகள் செவிவழியாகவே வழிவழி வந்தன. வேதத்திற்கும் எழுதாக்கிளவி என்று பெயர். ஓதத் தெரிந்தால் அமையாதோ, படிக்கத் தெரிதல் எற்றுக்கு எனின், கூறுதும். தில்லையிற் பூட்டிய அறையினுட் செல்லரித்துக் கிடந்த ஏடுகளை நம்பியாண்டார் நம்பியும் சோழ வேந்தனும் மீட்டமையின் அன்றோ நமக்குத் தேவாரம் கிடைத்தது? செவியே அமையுமாயின் ஏட்டைத் தேடியிரார். ஆளுடைய பிள்ளையார் மதுரையில் அனலினும் புனலினும் இட்டருளியதும் எழுதிய ஏடே.

இதற்கு எம் குடும்பத்துச் சான்றும் ஒன்றுண்டு. எம் பாட்டியார் திருவெம்பாவை முழுவதும் மனப்பாடமாக ஓதுவார், எழுத்தறியார். கணவரை இழந்த காலத்துக் கடன் வேண்டி ஒருவரிடம் சென்றார். அடைமானப் பத்திரம் என்று சொல்லப்பட்டதொன்றிற் கைந்நாட்டு வைத்தார். அது கிரயப் பத்திரம் என்பது பின்னரே தெரிந்தது. இரண்டு காணி நன்செய் போயிற்று. வெண்ணெய்நல்லூர் அவையில் ஓலை உண்மை கூறியது; படிப்பாரும் உண்மை படித்தனர். எம் பாட்டியார்க்கு அவ்வவை வாய்த்திலது. அதன் பின்னரே, ஊரில் எஞ்சியிருந்த முதிய திண்ணையாசிரியர் ஒருவரிடம் எம்மைக் கொண்டுபோய் விட்டு, “இவன் படிக்கிறானா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா, பாடுகிறானா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று கூறினார். ஓதுதலும் படித்தலும் வேறு என்பதனை அவ்வெழுத்தறியா மூதாட்டியார் அறிந்திருந்தார். புலவர் பட்டம் பெற்ற யாம் மறந்தோம்.

9. இக்கால நிலை

2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி, அன்று கள்ளக்குறிச்சியையும் உள்ளடக்கிய விழுப்புர மாவட்டத்தில் எழுத்தறிந்தார் நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேர். மாநிலம் முழுவதற்கும் 80. 2020-இற் பெருந்தொற்றினாற் பள்ளிகள் மூடப்பட்டமையின் இளம்பிள்ளைகள் கற்றதும் மறந்தனர். அக்குறை நீக்குதற்குத் தமிழ்நாட்டு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தை 2021 அக்டோபர் 27-ஆம் நாள் தொடங்கியது. தொடங்கிய இடம் இம்மாவட்டத்து மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பம். ஊரிலுள்ள தன்னார்வலர் மாலைதோறும் சில பிள்ளைகளைத் தம்மருகே இருத்திப் படிப்பித்தனர். வரலாற்றை நோக்குவார்க்குத் திண்ணையே மீண்டதுபோலத் தோன்றும். இம்முறை எல்லாப் பிள்ளைகட்கும் அத்திண்ணையில் இடமுண்டு என்பதே சிறப்பு. 2022-இல் முதல் மூன்று வகுப்பினர்க்கென ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டமும் வந்தது.

இவை அரசின் கடன். மடங்கட்கும் திருக்கோயில் வகுப்புக்கட்கும் உரிய கடன் யாதெனின், எமக்குப் பட்டவை மூன்று. ஒன்று, திருமுறை வகுப்பில் ஓதக் கற்ற பதிகத்தை விடுத்து, ஓதாத பதிகமொன்றனைக் கொடுத்துத் திங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே படிக்கச் செய்தல். இரண்டு, படித்த பாட்டின் பொருளைப் பிள்ளை தன் சொல்லாற் கூறக் கேட்டல். மூன்று, வகுப்பின் அளவைச் சுருக்கி ஆசிரியர் தொகையைப் பெருக்குதல். இருபதின்மரை ஓத வைத்தலினும் ஐவரைப் படிக்க வைத்தல் மேலானது.

முதலிற் கூறிய சிறுமியின் செய்தியை உரைத்து இதனை முடிப்போம். அவளுக்கு மனப்பாடமாயிருந்த பதிகத்தையே கருவியாகக் கொண்டோம். அதனைச் சொல் சொல்லாகத் தாளில் எழுதி நறுக்கிக் கலைத்து, மீண்டும் அடுக்குமாறு செய்தோம். நாவறிந்த சொல்லைக் கண்ணும் அறியலாயிற்று. பின்னர்ச் சொல்லுள் எழுத்தையும், அவ்வெழுத்து வேறு சொல்லில் வருதலையும் அவளே கண்டுகொண்டாள். ஓலை படித்தார்க்கு மனப்பாடம் விளக்காயிருந்தவாறே அவளுக்கும் ஆயிற்று. நாள்தோறும் அருகிருந்து அவள் விரல் செல்லும் வழியே எம் கண்ணையும் செலுத்தினோம். ஆறு திங்கள் கழிந்தன.

ஒருநாள் அவள் தன் பாட்டியாரோடு கோயிலுக்கு வந்தாள். அம்மூதாட்டியார் கையில் நூறுநாள் வேலை அட்டை இருந்தது. சிறுமி அதனை வாங்கிப் பெயரையும் ஊரையும் வேலை செய்த நாள்களையும் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்து, “பாட்டி, இரண்டு நாள் குறைவாகப் போட்டிருக்கிறார்கள்” என்றாள். எம் பாட்டியாரின் இரண்டு காணி எம் நினைவிற்கு வந்தது. பதிகம் பிழையின்றி ஓதிய நாளிலும் எமக்கு உண்டாகாத மகிழ்ச்சி அன்று உண்டாயிற்று.

காட்டுதல் எளிது, உடன்காணுதல் அரிது. அவ்வரியதனை எல்லா உயிர்க்கும் ஓயாது செய்துவரும் முதல்வன் திருவருளை எண்ணுவார், ஒரு பிள்ளைக்கேனும் அதனைச் செய்யக் கடவர்.

மெய்கண்டார் திருவடி வாழ்க.

திருச்சிற்றம்பலம்